ஏஸலும் ஏசலும்

எங்கள் வீட்டில் ஜெர்மன் மொழிக்கு இனி இடமில்லை என்று ஜூன் மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில், இட்லிக்கும் சட்னிக்கும் நடுவே முடிவெடுத்தேன். முடிவெடுத்ததோடு நில்லாமல் அதை மனைவி முனவர் பேகத்திடம் சொல்லவும் செய்தேன். இரண்டாவதுதான் பிழை.

ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்த என் மகள் சைதுன்னிசா, இந்தியை விட்டுவிட்டு ஜெர்மனை எடுத்திருந்தாள். அருள்புரத்தில் நான் நடத்தும் பனியன் கம்பெனியின் சரக்கு டெல்லிக்குத்தான் போகிறது. டெல்லிக்கு இந்தி போதும். பாடத்தை மாற்றுவதற்கான படிவம் என் சட்டைப்பையில் இருந்தது. என் கையெழுத்து விழுந்து, ஜூன் முப்பதுக்குள் அது பள்ளிக்குப் போய்விட்டால், ஜெர்மன் ஒழிந்தது.

"அந்தப் பாஷைல மேசை ஆம்பளையாம், கதவு பொம்பளையாம். பொம்பளப்புள்ள மட்டும் அஃறிணையாம். இதைப் படிச்சா புள்ள உருப்படுமா?" என்றேன்.

"ஏனுங்க, இப்ப நீங்க என்ன சொன்னீங்க? உருப்படுவாளான்னா கேட்டீங்க? உருப்படுமான்னுதானுங்களே கேட்டீங்க. நீங்களும் புள்ளைய அஃறிணைலதான் வெச்சிருக்கீங்க."

இலக்கணத்தில் அடிபட்டவனுக்கு மருந்து கிடையாது.

"சைது ஆசைப்பட்டு எடுத்திருக்குதுங்க. நாளைக்கு எக்ஸ்போர்ட்டுன்னு போனா, ஏஜெண்டு வாயவே பாத்துட்டு நிக்கோணுமா?"

அன்று மாலையே கையெழுத்திட்டிருப்பேன். ஆனால் தேநீர் வேளையில் தாயும் மகளும் புத்தகத்தை நடுவில் வைத்துக்கொண்டு ஜெர்மன் பேசினார்கள். முனவர் என்னைப் பார்த்து ஏதோ சொன்னாள். சைது வாயைப் பொத்திக்கொண்டாள். ஒரு சொல் மட்டும் என் காதில் தெளிவாக விழுந்தது.

"என்னை ஏசினியா?"

"இல்லீங்க, பாடமுங்க."

"ஏசல்னு கேட்டுச்சே."

"ஏஸலுங்க. ஜெர்மன்ல கழுதைக்கு அப்படிப் பேரு."

"கழுதையா? அதை ஏன் என்னைப் பாத்துச் சொன்னே?"

"நான் பாக்கற பக்கம் நீங்க உக்காந்திருந்தீங்க."

இது மறுப்பா, ஒப்புதலா? நான் முறைத்தேன்.

"இத்தனை சந்தேகம்னா ஆதாரத்தோட பேசுங்க. உங்களை மட்டமாச் சொன்னதா ஒரே ஒரு வாக்கியம் காட்டுங்க. நானே அந்தப் படிவத்தைப் பள்ளிக்கூடத்துல குடுத்தர்றேன்" என்றாள்.

பந்தயத்தை ஏற்றேன். மறுநாளே கோயம்புத்தூரிலிருந்து ஓர் அகராதி வந்து சேர்ந்தது. கம்பெனியில் கட்டிங் மேசையோரம் அமர்ந்து, பனியன் மடிக்கும் அட்டைகளில் சொற்களை எழுதி மனப்பாடம் செய்தேன். கட்டிங் மாஸ்டர் வீரணன், உசிலம்பட்டிக்காரர், எட்டிப் பார்த்தார்.

"என்ன மொதலாளி, இங்கிலீசா?"

"ஜெர்மன். வீட்டுல பேசுறது புரியோணுமல்ல."

வீரணன் சிறிது யோசித்தார். "எங்க வீட்டுல தமிழ்லதான் பேசுறாக. எனக்கு அதுவே புரியல."

முனவர் நாளுக்கொரு வாக்கியம் உதிர்த்தாள். "மைன் மன் இஸ்ட் க்ளூக்" என்றாள் ஒருநாள். இரண்டு நாள் உழைத்துப் பொருள் கண்டேன்: என் கணவர் அறிவாளி. என் சந்தேகம் இரட்டித்தது. பதினாறு ஆண்டு இல்லறத்தில் தமிழில் ஒருமுறையும் சொல்லாததை ஜெர்மனில் ஏன் சொல்கிறாள்?

நீண்ட வாக்கியங்கள் இன்னும் கொடியவை. அவற்றில், நம் தமிழைப் போலவே, வினைச்சொல் கடைசியில்தான் வரும். அதுவரை வசையா வாழ்த்தா என்று தெரியாது. ஒவ்வொரு முறையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். ஒவ்வொரு முறையும் வாழ்த்தாகவே முடிந்தது. இப்படியே சைதுவின் புத்தகத்தில் ஏழு பாடங்கள் எனக்கும் மனப்பாடமாயின.

ஜூலை முதல் நாள் காலை, முனவர் தோசையைத் திருப்பியபடி, மெதுவாக, நிறுத்தி நிறுத்தி, இரண்டு முறை சொன்னாள்:

"ஏர் வைஸ் நிஷ்ட்ஸ்."

அகராதியே தேவைப்படவில்லை. அவருக்கு ஒன்றும் தெரியாது. சந்தேகப்பட்டிருக்கவேண்டிய ஒரே நேரத்தில் நான் சந்தேகப்படவில்லை. வாக்கியத்தைப் பொருளோடு அட்டையில் எழுதினேன். படிவத்தில் கையெழுத்திட்டேன். மனைவி கொண்டுபோய்க் கொடுக்கும்வரைகூடப் பொறுக்காமல் நானே பள்ளிக்கு ஸ்கூட்டரை விட்டேன்.

அலுவலக எழுத்தர் சிவசுப்பிரமணியம் படிவத்தைத் தொடவில்லை.

"கடைசித் தேதி நேத்தோட முடிஞ்சுதுங்களே."

எழுத்தரின் தலைக்கு மேல் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்தேன். பதினாறு நாளும் நான் அகராதியைத்தான் பார்த்திருந்தேன், தேதியைப் பார்க்கவில்லை.

"ஆதாரம் கொண்டாந்திருக்கேன்" என்று அட்டையை நீட்டினேன்.

வாங்கிப் பார்த்தார். "இதை நீங்களேவா தமிழ்ப்படுத்தினீங்க?"

"ஆமா. அத விடுங்க. வீட்டுல ஜெர்மன் சொல்லிக் குடுக்க ஆளில்லாம புள்ள எப்படிங்க படிக்கும்? அந்தக் காரணத்துக்காவது மாத்திக் குடுங்க."

"ஆளில்லீங்களா? உங்க ஊட்டம்மா நேத்து எழுதிக் குடுத்துட்டுப் போனாங்களே" என்று ஒரு பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார்.

'வீட்டில் ஜெர்மன் கற்பிப்பவர்' என்ற கட்டத்தில் முனவரின் கையெழுத்தில் இருந்தது: 'தந்தை, ஏழு பாடம் வரை.'