வீகன் சித்தரும் பத்து டம்ளர் சர்க்கரையும்

சின்னசேலம் ரயிலடிக்குப் பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் அன்று முகூர்த்தம் எதுவும் இல்லை. ஆனாலும் வாசலில் செருப்பு மலையாகக் குவிந்திருந்தது. உள்ளே போனவர்கள் எல்லோர் கையிலும் ஒரு பொட்டலம் சர்க்கரை. அதில் செத்த மாட்டின் எலும்பு கலந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம்!

பார்த்துச் சொல்பவர் வீகன் சித்தர். கல்வராயன் மலையில், கரியாலூர் அருவிக்குப் பின்னால் பன்னிரண்டு வருடம் தவமிருந்தவராம். கோடையில் அந்த அருவி கயிறாக இளைத்துவிடும். அப்போது எதற்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் பக்தி கரைந்துவிடுமே!

அத்தனை தவத்துக்கும் அவருக்குக் கிடைத்த வரம், கறுப்புக் கயிற்றில் கட்டிய ஒரு கொட்டை. அதைச் சர்க்கரைக்கு மேலே பிடிப்பார். சும்மா தொங்கினால் சுத்தம், சுற்றினால் எலும்பு. பெரும்பாலும் சுற்றியது. சுற்றாத கொட்டையால் சித்தருக்கு என்ன லாபம்? எலும்புச் சர்க்கரையைத் தெருவில் கொட்டிவிட்டு, அவர் சுத்திகரித்த மஞ்சள் பொட்டலத்தைக் கடை விலையைப்போல ஐந்து மடங்கு கொடுத்து வாங்கிப் போக வேண்டும். ஊரெல்லாம் கொட்டினார்கள். சின்னசேலம் எறும்புகளுக்கு அப்படியொரு தீபாவளி அதற்கு முன் வந்ததில்லை.

'வீகன்' என்றால் என்னவென்று வரிசையில் பாதிப் பேருக்குத் தெரியாது. "வீக்கம் எறங்குமாம்" என்று முழங்காலைத் தடவிக்கொண்டே நின்றார் காசியம்மாள்.

இந்தக் கூத்தில் அடிபட்டவர் கொளஞ்சியம்மாள். இருபது வருடமாக விசேஷ வீடுகளுக்குப் பலகாரம் போட்டுக் கொடுக்கிறவர். அடுத்த வாரம் சிவசங்கர் மகள் தனுஷாவின் கல்யாணம். பெங்களூரில் வேலை பார்க்கும் தனுஷா கறி மட்டுமல்ல, பால், நெய், தேன் எதையும் தொடமாட்டாள். உயிர்களிடமிருந்து எடுத்த எதுவும் வேண்டாம் என்பது அவள் கொள்கை. அதைத்தான் வீகன் என்கிறார்கள். நெய்க்குப் பதில் கடலையெண்ணெய், பாலுக்குப் பதில் தேங்காய்ப்பால் என்று கொளஞ்சியம்மாளும் ஒப்புக்கொண்டிருந்தார். அப்போது தனுஷா போனில் ஒரு கேள்வி கேட்டாள்: "யக்கா, சக்கர வீகனா?"

நியாயமான கேள்வி. அதைக் காதில் வாங்கிய அப்பா சிவசங்கர் போய் நின்ற இடம்தான் வேறு. கொளஞ்சியம்மாள் வீட்டிலிருந்து அவர் சித்தரிடம் கொண்டுபோன சர்க்கரையின் மேல் கொட்டை மின்விசிறியாகச் சுற்றியது.

"யக்கா, உங்க சக்கரயில மாட்டு எலும்பு கீதாம். ஆர்டர வேற எடத்துல குடுத்துக்கிறேன்" என்றார் சிவசங்கர். அதைக் கேட்ட இன்னும் இரண்டு வீட்டுக்காரர்களும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

கொளஞ்சியம்மாள் சர்க்கரை மூட்டையை அவிழ்த்தார். இருபது வருஷமா ஊருக்கே எலும்பை ஊட்டிட்டேனா? மூட்டைக்குள் மூக்கை நுழைத்துப் பார்த்தார். சர்க்கரை வாசனைதான் வந்தது. பயத்தில் சித்தரிடம் ஓடிப்போய்ப் பத்துப் பொட்டலம் வாங்கி வந்தார்.

வந்தவருக்கு ஒரு குறுகுறுப்பு. புளியங்கொட்டையில் நூலைக் கட்டி மூட்டையின் மேல் பிடித்தார். சுற்றியது! உப்பின் மேல் பிடித்தார், சுற்றியது. தன் கால் கட்டைவிரலின் மேல் பிடித்தார், அதற்கும் சுற்றியது. கடைசியில் வெறுந்தட்டு. ஜோராகச் சுற்றியது.

"வெறுந்தட்டுல இன்னா எலும்பு?" என்று கத்தினார். நூலைச் சன்னல் கம்பியில் கட்டி, மூட்டையைக் கீழே நகர்த்தினார். கொட்டை பிணம்போல் தொங்கியது. கம்பிக்கு பயம் இல்லை, ஆசையும் இல்லை. கையிலிருந்தால்தான் மனசு நினைப்பது விரலில் இறங்கி நூலை ஆட்டுகிறது. கொளஞ்சியம்மாள் தனியாக உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

அந்த நேரம், கல்யாணத்துக்காக ஊருக்கு வந்திருந்த தனுஷா உள்ளே வந்தாள். "யக்கா, சக்கர ஆலையில ஆய்வுக்கூடத்துல வேல செய்றவங்களையே கேட்டுட்டேன். வெளிநாட்டுல சில எடத்துல மாட்டு எலும்புக் கரியில வடிகட்றது நெசந்தான். இங்க நம்ம சக்கரைக்கு சுண்ணாம்பும் கந்தகப் புகையும்தானாம். அங்ககூட கரி சக்கரயில நிக்காது. எப்படி செஞ்சாங்கன்னு செஞ்சவங்களத்தான் கேக்கணும். கொட்டைய கேட்டா?"

"கொட்டையவும் கேட்டுடுவோம் வா, கண்ணு" என்றார் கொளஞ்சியம்மாள்.

மறுநாள் காலை, கூட்டம் பிதுங்கும் நேரத்தில், இருவரும் மண்டபத்துக்குள் நுழைந்தார்கள். தாம்பாளத்தில் பத்து எவர்சில்வர் டம்ளர்.

"சாமி, பத்துலயும் சக்கர கீது. எது சுத்தம், எது எலும்புன்னு பிரிச்சிக் குடுங்க."

இத்தனை பேர் பார்க்கும்போது சித்தர் மாட்டேன் என்பாரா? கண்ணை மூடினார். கயிறு இறங்கியது. முதல் டம்ளர் எலும்பு. இரண்டாவது சுத்தம். மூன்றாவது "பயங்கர எலும்பு! சினைமாடு!" என்று அலறினார். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. முடிவில் ஆறு எலும்பு, நாலு சுத்தம்.

கொளஞ்சியம்மாள் இடுப்பிலிருந்து கிழிந்த மஞ்சள் உறைகளை எடுத்துத் தாம்பாளத்தில் போட்டார். "பத்தும் சாமி வித்த பொட்டலந்தாங்க. நேத்து வாங்கனது."

கூட்டத்தில் நின்ற சிவசங்கர் முன்னால் வந்து உறைகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார்.

"அது... உன் கை பட்டு தோஷம் ஒட்டிக்கிச்சு!" என்றார் சித்தர்.

"நாலுல மட்டும் ஏன் சாமி ஒட்டல?"

சித்தர் குரலை உயர்த்தினார். "என் சக்கரைய இன்னான்னு நெனைச்சே? பாலுலயும் தேனுலயும் அபிஷேகம் பண்ணி காயவெச்சது!"

தனுஷா விழுந்து விழுந்து சிரித்தாள். "பாலும் தேனுமா? அய்யோ சாமி! ஆலையிலருந்து வந்தப்ப நான் சாப்புடற மாதிரிதான் இருந்திச்சு. நீங்க சுத்தம் பண்ணப்புறம்தான் வீகன் இல்லாம பூட்ச்சு!"

முதலில் சிரித்தது காசியம்மாள். பிறகு மண்டபமே அதிர்ந்தது. சிரிப்பு அடங்கி, பொட்டலக் காசு நினைவுக்கு வந்து எல்லோரும் திரும்பியபோது, பன்னிரண்டு வருடம் அசையாமல் உட்கார்ந்திருந்தவர் சமையல்கட்டு வழியாகச் சேலம் பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருந்தார். கொட்டை மட்டும் தரையில் கிடந்தது.

சிவசங்கர் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார். "யக்கா, ஆர்டர் உங்களுக்குத்தாங்க. மனசுல வெச்சுக்காதீங்க."

"சரி சரி. தேங்காய சீக்கிரம் அனுப்பு."

கதை இதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் காசியம்மாள் அந்தக் கொட்டையை எடுத்துத் துடைத்து, பயபக்தியோடு கொளஞ்சியம்மாளிடம் நீட்டினார். பின்னால் அதற்குள் நாலு பேர் வரிசையில் நின்றுவிட்டார்கள்.

"அவன் போலிம்மா. உனக்குத்தான் நெசமான சக்தி கீது. என் வூட்டு எண்ணெய ஒரு தபா பாத்து சொல்லேன்!"

கொளஞ்சியம்மாள் கொட்டையை வாங்கிச் சன்னல் வழியே வீசினார்.

"கொட்டைய ஆட்டனது அவன் கை. தெரிஞ்சு போச்சு. உங்க தலைய யாரு ஆட்றாங்க? போயி அத மொதல்ல யோசிங்க!"