முதல் நாளையும் சேர்த்து

கொரியாவில் எங்கள் தேஜோன் நகரில் ஓர் இனம் உண்டு. காலத்தைக் காலமாகவே விட்டுவைக்க அதற்குத் தெரியாது. வாரத்தை வருடமாக்கும், வருடத்தை வாரமாக்கும், யாரும் கேட்காமலே ஆக்கும். தேடி அலைய வேண்டாம், உங்கள் அலுவலகத்தில் பக்கத்து மேஜையில்தான் உட்கார்ந்திருக்கும்.

எங்கள் அலுவலகத்தில் அதற்குப் பெயர் போங் ஜேயோல். கூட்டத்துக்குப் பத்து நிமிடம் தாமதமாகப் போனீர்களோ, தொலைந்தீர்கள். “ஆறு பேரு, ஆளுக்குப் பத்து நிமிஷம். முழுசா ஒரு மணி நேரத்தைத் தின்னுட்டீங்களே!” என்பார். அவரே உங்கள் குடையை மழைக்காலத்தில் வாங்கிப் போய், பனி கொட்டத் தொடங்கிய பிறகும் திருப்பித் தராமல் இருக்கும்போது கேட்டுப் பாருங்கள். “இருபது வாரம்கூட ஆகல, அதுக்குள்ள என்னப்பா அவசரம்?” அடுத்தவன் தாமதம் பெருகும், தன் தாமதம் சுருங்கும். கேட்டால் கணக்கு என்பார்.

இந்த இனம் காதலிக்கவும் செய்யும். காதலைச் சொன்ன நாளையே ஒன்றாம் நாளாக எண்ணுவது எங்கள் ஊர் வழக்கம். நூறாம் நாளுக்குக் கேக், ஆயிரமாவது நாளுக்கு மோதிரம் என்று ஜேயோல் ஒன்றையும் தவறவிட்டதில்லை. காதலி யூன்சோலின் அம்மாவைப் பார்த்துக் கல்யாணப் பேச்சை எடுப்பதை மட்டும் தவறவிட்டுக்கொண்டே இருந்தார்.

போன வசந்தத்தில் ஒரு நாள் அவர்களும் நானுமாக மூவரும் இறைச்சி சுடும் கடையில் உட்கார்ந்திருந்தோம். மேஜை அடுப்பில் வேகும் இறைச்சியை வெட்டித் திருப்பும் கத்தரியும் இடுக்கியும் என் கையில்.

“அம்மா கேட்டுட்டே இருக்காங்க. சூசோக் பண்டிகைக்காவது வீட்டுக்கு வருவியா?” என்றாள் யூன்சோல்.

“அதுக்கு இன்னும் இருபத்தஞ்சு வாரம் கெடக்கே. அரை வருஷம்கூட இல்ல, பொறு.”

“நாலு வருஷமா பொறுத்தாச்சு.”

வேறு எவனாக இருந்தாலும் கையிலிருந்த சோஜுவை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, மன்னித்துவிடு என்று சொல்லியிருப்பான். இவர் முகத்தில் வெளிச்சம் வந்தது.

“நாலு வருஷம்னு யாரு சொன்னா? இன்னையோட இருநூத்தி எட்டு வாரம். அம்பத்திரண்டு வாரம்னா ஒரு வருஷம்னு ஊரே தப்பா நினைச்சிட்டிருக்கு. நாலு வருஷம் முடிய இன்னும் அஞ்சு நாள் இருக்கு!”

இறைச்சி கருகியது. திருப்பிப் போட எனக்குக் கை வரவில்லை. யூன்சோல் மோதிரத்தைக் கழற்றிக் கிம்ச்சிக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“சரிப்பா, நீ சொல்றதுதான் சரி. இன்னைலேர்ந்து புதுசா எண்ணு. நான் இல்லாத முதல் நாள் இது.”

எழுந்து போயே போய்விட்டாள்.

சரியாக ஒரு வாரம் கழித்து, சாப்பிடாமல் உட்கார்ந்திருந்த மனிதரின் தோளில் கைவைத்து, “ஒரு வாரம் ஆச்சேப்பா, போய் மன்னிப்புக் கேளேன்” என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

“முதல் நாளையும் சேத்தா எட்டு நாள்.”

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஒன்றுக்கு மட்டும் உண்மையாகப் பதில் சொல்லுங்கள். இருநூற்று எட்டை ஏழால் பெருக்கி, லீப் வருடத்துக்கு ஒரு நாளையும் மறக்காமல் கூட்டி, அந்த ஐந்து நாள் சரிதானா என்று பார்த்தீர்களா, இல்லையா? நீங்கள் பெருக்கிக்கொண்டிருந்த நேரத்தில்தான் யூன்சோல் பேருந்து ஏறிப் போனாள்.