முப்பத்தொரு டிகிரிச் சேலை

சும்மா இருக்கத் தெரியாதவனுக்குத் தொழில் கற்றுக்கொடுக்கக் கூடாது. எனக்குக் கற்றுக்கொடுத்துவிட்டார்கள். பலனை அனுபவித்தது என் அக்கா.

பள்ளிபாளையத்தில் ஒரு பிரிண்டிங் பட்டறையில் நான் டிசைனர். கூட இருந்தவர்கள் மாங்காயும் மயிலும் போட்டு நிம்மதியாகச் சம்பளம் வாங்கிக்கொண்டிருக்க, எனக்கு மட்டும் இருப்புக் கொள்ளவில்லை. வெயில் சூட்டில் நிறம் மாறுகிற சேலை செய்தே தீருவேன் என்று கிளம்பினேன். அதற்கென்றே ஒரு பவுடர் கிடைக்கிறது. அதைக் கலந்து அச்சடித்தால் சூடு ஏறும்போது நிறம் மறைந்துவிடும், ஆறினால் திரும்ப வந்துவிடும். (பச்சோந்திக்கெல்லாம் இனி வேலை இல்லை என்று டீக்கடையில் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.)

வெள்ளை காட்டன் சேலையில் வெளிறிய சந்தன நிறத்தில் பூக்கொடி. அதன்மேல் சேலை முழுக்க அரக்கு நிறத்தில் பவுடர் அச்சு. நிழலில் அரக்குச் சேலை; வெயிலுக்குப் போனால் அரக்கு விலகிப் பூக்கொடி தெரியும். இதுதான் திட்டம்.

"கொடியை இன்னுங் கொஞ்சம் அழுத்தமாப் போடப்பா, கண்ணுக்கே தெரியலை" என்றார் முதலாளி.

"அடக்கமா இருந்தாத்தானுங்க அழகு" என்றேன். அவருக்கு ரசனை போதாது என்று மனதுக்குள் பரிதாபப்பட்டேன்.

ஏசி போட்ட சாம்பிள் ரூமில் அரக்கு. வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் பிடித்தால் பூக்கொடி. உள்ளே, வெளியே, உள்ளே, வெளியே என்று நான் அலைந்த அலைச்சலில் வாட்ச்மேன் எனக்கு வயிற்றுப்போக்கு என்றே முடிவு கட்டி மோர் வாங்கிவந்து கொடுத்தார். பவுடர் டப்பாவில் முப்பத்தொரு டிகிரியில் நிறம் போகும் என்று போட்டிருந்தது. படித்தேன். நம் ஊரில் வைகாசி மாதம் நிழலே முப்பத்தொரு டிகிரிக்கு மேல்தான் இருக்கும் என்பது மட்டும் மண்டையில் ஏறவில்லை.

அந்த வைகாசியில்தான் அண்ணன் கல்யாணம். எங்கள் பக்கம் கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. கூறைச்சேலை வைத்த கூடையைத் தலையில் ஏந்தி மாப்பிள்ளையோடு பிறந்தவள் அவன் பக்கத்தில் நிற்பாள். அன்றைக்கு அவளுக்குத்தான் மரியாதை. சீர் தொடங்கிவிட்டால் முடிகிறவரை நகரக் கூடாது. அக்கா அதற்காகவே பட்டு எடுத்து வைத்திருந்தாள்.

ஆனால் அப்பா எந்நேரமும் என்னைக் கரித்துக்கொட்டுவதை அவளால் தாங்க முடியவில்லை. "இஞ்சினீருக்குப் படிச்சுப்போட்டு துணிக்குப் பூப் போடறான்" என்பார் அப்பா, வருகிறவர் போகிறவரிடமெல்லாம்.

"பட்டு கெடக்குது உடு சாமி" என்றாள் அக்கா. "நீ போட்ட சேலையையே கட்டிக்கறேன். யாரு எடுத்ததுன்னு நாலு பேரு கேக்கட்டும். என்ற தம்பி செஞ்சதுன்னு அப்பா காதுல உழற மாதிரி சொல்றேன்."

அந்த ஒரு பேச்சுக்காக அவள் காலில் விழுந்திருக்கலாம். அதற்குப் பதிலாகச் சேலையைக் கொடுத்தேன்.

திருச்செங்கோட்டுப் பக்கம் மண்டபம். ஏசி அறையிலிருந்து அக்கா அரக்குச் சேலையில் வெளியே வந்தபோது அப்பாவே ஒரு நிமிடம் பார்த்தார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. மேடைக்கு இந்தப் பக்கம் ஒரு தரம், அந்தப் பக்கம் ஒரு தரம் போய்ப் பார்த்தேன். மேடையில் காற்றே இல்லை. கூட்டம் நெருக்கியடித்தது. போதாக்குறைக்கு வீடியோக்காரர் இரண்டு பெரிய லைட்டை அக்காவின் மேல் திருப்பினார்.

முதலில் முதுகு வெளுத்தது. பிறகு தோள். சீரை நடத்திவைக்கும் அருமைக்காரர் பாதி முடிப்பதற்குள் முந்தானை வரைக்கும் போய்விட்டது. என் அடக்கமான கொடி ஒருவர் கண்ணுக்கும் தெரியவில்லை. மங்கல மேடையில், தலையில் கூடையோடு, என் அக்கா வெள்ளைச் சேலையில் நின்றாள்.

"ஏனுங்க, மாப்பிள்ளையோட அக்கா எதுக்குங்க வெள்ளச் சேலை கட்டீட்டு நிக்கறாங்க?" என்று பெண்ணின் பெரியம்மா கேட்டது கடைசி வரிசைவரை கேட்டது.

அக்காவின் வீட்டுக்காரர் பாய்ந்து வந்து என் சட்டையைப் பிடித்தார். "நான் குத்துக்கல்லாட்டம் உசுரோட நிக்கறேன். என்னடா பண்ணிவெச்ச?"

"சூடுங்க மாமா. ஆறுனா வந்துருமுங்க."

"அப்ப ஆத்துடா."

ஓடினேன். சமையல்கட்டில் குளிர்பானப் பாட்டில்கள் மிதந்த ஐஸ் தண்ணீரை வாளியோடு தூக்கிவந்து, ஒரு செம்பு மொண்டு அக்காவின் தோளில் ஊற்றினேன். ஊற்றின இடம் அரக்கானது. மாமா வெறும் கையால் ஐஸ் கட்டியை எடுத்து முந்தானையில் தேய்த்தார். நான் முன்பக்கம் நனைப்பதற்குள் பின்பக்கம் வெளுத்தது. பின்பக்கம் போனால் முன்பக்கம். இரண்டு பேரும் அக்காவைச் சுற்றிச் சுற்றி வந்தோம். நகரக் கூடாதவள் நகரவில்லை. பல் மட்டும் தந்தியடித்தது.

"சீரு முடியட்டும்டா," என்றாள் பல்லிடுக்கில். "உன்னைக் கொன்னுபோடறேன்."

பெண் வீட்டுப் பெரியவர் ஒருவர் பயபக்தியோடு மேடை ஏறினார். "உங்க பக்கம் இப்படியொரு சீரு இருக்குதுங்களா? நாங்களும் ஊத்தோணுமுங்களா?"

யாரும் பதில் சொல்வதற்குள் அவரும் ஒரு செம்பு ஊற்றிவிட்டார். அவருக்குப் பின்னால் வரிசையே நின்றது.

சீர் முடிந்ததும் அக்கா அறைக்குள் போய் அழுதாள். ஏசி குளிரில் சேலை முழுக்க அரக்காகி ஜம்மென்று இருந்தது. எனக்காகப் பட்டுச்சேலையை ஒதுக்கி வைத்தவளை அவளுடைய நாளிலேயே அழவைத்துவிட்டேனே என்று எனக்கும் அழுகை வந்தது. "நீ எதுக்குடா அழுவற, நீயா நனைஞ்ச?" என்றாள். அப்புறம் கதவைத் திறந்து வெளியே போய், வாசலில் நின்ற அப்பாவிடம், "என்ற தம்பி செஞ்ச சேலைங்கப்பா" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் துணி மாற்றப் போனாள்.

இரண்டு வருடம் கழித்து எனக்குப் பெண் பார்த்தார்கள். ராசிபுரத்தில் பெண்ணின் அப்பா தயங்கித் தயங்கிக் கேட்டார். "தப்பா நெனச்சுக்காதீங்க. மாப்பிள்ளைக்கு குடி, சீட்டுன்னு கெட்ட பழக்கம் ஏதாச்சும்..."

எங்கள் அப்பா தொண்டையைக் கனைத்தார். அதற்குள் அக்கா முந்திக்கொண்டாள். "அதெல்லாம் ஒன்னுமில்லீங்க. சேலைக்கு டிசைன் போடற பழக்கம் மட்டும் இருக்குதுங்க. கண்ணாலமானா உட்ருவானுங்க."

இன்னும் விடவில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும், காபி டம்ளரை நீட்டும்போதே என் மனைவி அதைத்தான் முதலில் சொல்லி வருத்தப்படுகிறாள்.