வாசலில் ஒருநாள் பூங்கா

"காரை எடுங்க சார், புல்லு விரிக்கணும்" என்று மாநகராட்சி ஆள் மூன்றாவது முறையாகக் கதவைத் தட்டிய பிறகுதான் காசாளர் சாவியோடு இறங்கி வந்தார்.

அந்தத் தெருவில் கார் நிறுத்த இடம் கிடைப்பது குதிரைக் கொம்பு. தன் வாசலுக்கு நேரே ஓர் இடம் வாய்த்த நாளிலிருந்து காசாளர் காரை நகர்த்தியதே இல்லை. எடுத்தால் இடம் போய்விடுமே! வங்கிக்குப் பேருந்தில் போவார். மனைவியோடு கல்யாணத்துக்குப் போனாலும் வாடகை வண்டிதான். ஞாயிற்றுக்கிழமை காரைத் துடைத்து, உள்ளே உட்கார்ந்து கொஞ்சம் ரேடியோ கேட்டுவிட்டு, பூட்டிக்கொண்டு மாடியேறிவிடுவார்.

"இன்னைக்கு ஒரு நாள்தான் சார். ஜனங்க வந்து உட்கார்றாங்களான்னு பாக்கறாங்க. சாயங்காலம் சுருட்டிடுவோம். அப்புறம் வழக்கம்போல நிறுத்திக்கலாம்."

"யாரு நிறுத்திக்கலாம்?"

"யாரு முதல்ல வர்றாங்களோ அவங்க."

எதிர்வீட்டுப் பல் டாக்டர் பால்கனியில் நின்று பல் தேய்த்தபடி அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். காசாளருக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது.

காரை அடுத்த தெருவில் விட்டுவிட்டு ஓடி வந்தார். அதற்குள் புல்விரிப்பு, பூந்தொட்டிகள், இரண்டு பெஞ்சுகள் எல்லாம் வந்திருந்தன. தன் இடத்தில் கிடந்த பெஞ்சின் நட்டநடுவில் உட்கார்ந்து, வயிற்றுவலி என்று வங்கிக்கு லீவு சொன்னார். அது முழுப்பொய்யும் இல்லை.

மனைவி இறங்கி வந்தாள்.

"என்னங்க, ஆபீஸ் போகலையா?"

"போனா டாக்டர் வண்டியைக் கொண்டுவந்து சொருகிடுவார்."

திட்டு விழும் என்று காத்திருந்தார்.

"அதுவும் சரிதான். எழுந்திரிச்சிராதீங்க" என்று சொல்லி, ஒரு தலையணையும் கொண்டுவந்து கொடுத்தாள். கல்யாணமான நாளாக அவள் தன் பேச்சை ஒத்துக்கொண்டது அதுவே முதல்தடவை. காசாளர் நெகிழ்ந்துபோனார்.

சற்று நேரத்தில் டாக்டர் செய்தித்தாளோடு வந்து பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"காத்து வாங்கலாம்னு வந்தேன் சார்."

"நானும் அதுக்குத்தான்."

செய்தித்தாளில் ஒரு பக்கமும் புரளவில்லை. ஆனால் டாக்டர் மட்டும் இஞ்ச் இஞ்சாக நகர்ந்து வந்தார். ஒண்டியாகச் சமாளிக்க முடியாது என்று புரிந்ததும், காசாளர் தெருப்பிள்ளைகளைக் கைதட்டிக் கூப்பிட்டார்.

"இங்க வந்து விளையாடுங்கடா!"

நேற்றுவரை அதே பிள்ளைகளைக் காரைத் தொட்டதற்காக விரட்டியவர் அவர். பிள்ளைகள் வந்தார்கள், பின்னாலேயே அம்மாக்கள் வந்தார்கள். டாக்டர் சும்மா இருப்பாரா? தன் நோயாளிகளையெல்லாம் கீழே வரவழைத்தார். வீங்கிய கன்னங்கள் வரிசையாக இரண்டாவது பெஞ்சை நிரப்பின. பதிலுக்குக் காசாளர் தெருமுனைத் தையல்காரரைக் கெஞ்ச, அவர் மெஷினோடு வந்து இறங்கினார். மனைவி குடை கொண்டுவந்தாள், கேரம்போர்டு கொண்டுவந்தாள், எல்லாருக்கும் டீ போட்டாள்.

மதியத்துக்கு மேல் அவளும் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்து கேரம் ஆடினாள். காய் விழும்போதெல்லாம் வாய்விட்டுச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று! காசாளருக்கு அது நிஜமாகவே பிடித்திருந்தது. இருந்தாலும் இடம் இடம்தானே?

மாநகராட்சி அதிகாரி அம்மாள் போட்டோ எடுக்க வந்தார்.

"பூங்கா பிடிச்சிருக்கா சார்?"

இடம் பிடிக்க உட்கார்ந்திருக்கிறோம் என்று தெரிந்தால் எழுப்பிவிடுவார்களோ என்று காசாளருக்குப் பயம்.

"ரொம்பப் பிடிச்சிருக்கு மேடம்! எழுந்திரிக்கவே மனசு வரல."

"நானும் அப்படித்தான்!" என்றார் டாக்டர், விட்டுக்கொடுக்காமல்.

பொழுது சாய்ந்ததும் மனைவியைக் காவலுக்கு வைத்துவிட்டு, காசாளர் காரை எடுக்க ஓடினார். திரும்பி வந்து பார்த்தால், டாக்டரின் காரும் புல்லின் மறுகோடியில் உறுமிக்கொண்டு நின்றது. காலையில் வந்த மாநகராட்சி ஆள் நிதானமாகக் குழாய் பிடித்துப் புல்லுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். மனைவி கேரம்போர்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"என்னப்பா, தண்ணி ஊத்தறே? சீக்கிரம் சுருட்டு!"

"எங்க சார் சுருட்டறது? நிரந்தரமாக்கச் சொல்லிட்டாங்க. நாள் முழுக்க ஒரு ஆளாவது உட்காரணுமேன்னு ஆபீஸ்ல இழுத்தப்போ, பூங்கா கேட்டு வந்த உங்க வீட்டம்மா, 'எங்க வீட்டுக்காரர் ஒருத்தர் போதும், இடத்தைவிட்டு எழுந்திரிக்கவே மாட்டார்'னாங்க. நாங்கதான் நம்பல!"