டிபன் கேரியரில் ரத்தம்

பழவேற்காட்டில் ஐஸ் கம்பெனிக்கு வந்து ஐஸ் வேண்டாம் என்று சொன்ன ஒரே பிறவி ரத்தக்காரம்மாதான். எண்பதுகளின் நடுவில் நான் அங்கே குமாஸ்தா. ஐஸ் வேண்டாம், ஐஸ் பக்கத்தில் கொஞ்சம் நிழல் போதும் என்றார். மெட்ராஸில் ஏதோ ஆய்வுக்கூடத்தில் டாக்டராம். ஆராய்ச்சிக்காக ஊராரிடம் எடுக்கிற ரத்தம் வெயிலில் கெட்டுவிடும், ஐஸ் பட்டால் அணுக்கள் செத்துவிடுமாம்.

வியாழன்தோறும் பொன்னேரி பஸ்ஸில் வருவார். திரும்பும்போது ரத்தக் குழாய்களை டர்க்கி டவலில் சுற்றி டிபன் கேரியரில் அடுக்கி, கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பள்ளத்துக்கும் டிரைவரைத் திட்டுவார். ஒருநாள் கண்டக்டர் ஆசையாக என்ன குழம்பு என்று கேட்டார். ரத்தம் என்றார் இவர், உள்ளதை உள்ளபடி. பொன்னேரி வரை அவரைச் சுற்றி ஆறு சீட்டு காலி.

காமாலை வந்து தேறியவர்களின் ரத்தம்தான் அவருக்கு முக்கியம். ரத்தத்தை விற்கிறார் என்று புரளி கிளம்பியதும் ஒருவரும் கை நீட்டவில்லை. அம்மா அசரவில்லை. மீன் ஏலம் நடக்கும் இடத்துக்குப் போய், எல்லோர் கண்ணெதிரிலும் தன் கையிலேயே ஊசியைக் குத்தி ரத்தம் எடுத்தார். ஏலமே நின்றது.

ஏரியில் கையால் தடவி இறால் பிடிக்கிற கன்னியம்மா மட்டும் கிட்டே வந்து, அந்தக் காமாலைக் கிருமி உடம்புக்குள் என்னதான் செய்கிறது என்று விசாரித்தாள். வைரஸ் நுழைந்ததும் ரத்த அணு மற்ற அணுக்களுக்குச் சேதி அனுப்பும். வைரஸின் புரதம் ஒன்று அந்தச் சேதியைத் தடுக்கிறதோ என்று சந்தேகம் என விளக்கினார் அம்மா.

"கத்த வுடாம வாயப் பொத்துதுன்னு சொல்லு" என்றாள் கன்னியம்மா.

அம்மா நோட்டை எடுத்து அதை அப்படியே எழுதிக்கொண்டார். இதையே சொல்ல அவருக்கு முப்பது பக்கம் ஆகியிருந்ததாம். கன்னியம்மா கையை நீட்டினாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள்.

ஒரு வருஷம் கழித்து, ஒரு வியாழக்கிழமை வெறுங்கையோடு வந்தார். ஆய்வுக்கூடத்தில் மூன்று நாள் கரண்ட் போய், ரத்தத்திலிருந்து பிரித்து, சாகாமலிருக்க மருந்து சேர்த்து உறைய வைத்திருந்த அத்தனை அணுக்களும் பாழ். சொல்லாமலே இருந்திருக்கலாம், யாருக்குத் தெரியப்போகிறது? அவரோ ரத்தம் கொடுத்த ஒவ்வொருவர் வாசலிலும் நின்று மன்னிப்புக் கேட்டார். கன்னியம்மா வாசலுக்குக் கடைசியாகத்தான் வந்தார்.

"வீணாக்கிட்டேன், கன்னியம்மா."

"ரத்தம்தான் ஊறிக்கினே கீதே. இன்னொரு தபா எட்த்துக்கம்மா."

அடுத்த வியாழன் ஐஸ் கம்பெனி வாசலில் வரிசை நின்றது. இந்த முறை ஒன்றும் பாழாகவில்லை. அவர் சந்தேகம் சரிதான் என்றும் தெரிந்தது.

அன்று வரிசையில் நாலாவது ஆள் நான். எனக்குக் காமாலை வந்ததே இல்லை.