ஒத்திகை வீடு

ஏழு கடல், ஏழு மலை எதையும் தாண்ட வேண்டியதில்லை. எழில்நாடு கொஞ்சம் பக்கத்தில்தான் இருந்தது. அந்த நாட்டில் ஒருவர் பசியோடு இருக்கலாம், கடனோடு இருக்கலாம், மூன்று தலைமுறையாக ஒரு வழக்கை நடத்திக்கொண்டும் இருக்கலாம். அழகில்லாமல் மட்டும் இருக்கக் கூடாது, அது சட்டம். வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று எல்லா ஊரிலும் சொல்வார்கள். எழில்நாட்டுக்காரர்கள் கல்யாணத்தை மட்டும் பண்ணிப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்கள்.

அதற்குக் காரணம் ஒத்திகை வீடு. முன்னொரு காலத்தில் அந்த நாட்டை ஆண்ட அரசருக்கு வரைபடம் புரியாது. புரியவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டு, கட்டடக்காரர் காகிதத்தில் காட்டிய கோடுகளுக்கெல்லாம் தலையாட்டி வைத்தார். அரண்மனை கட்டி முடிந்து உள்ளே போய்ப் பார்த்தால் கொலுமண்டபத்தின் நடுவில் குளியலறை. "இனி எவனும் காகிதத்தைக் காட்டாதே, கட்டடத்தைக் காட்டு" என்று கத்தினார் அரசர். அன்றிலிருந்து, வீடு கட்ட நினைக்கும் எவரும் அதே இடத்தில், அதே அளவில், மூங்கிலை நட்டுத் துணியைக் கட்டி முழு வீட்டையும் முதலில் காட்ட வேண்டும் என்றானது. தோற்றச் சீராய்வு மன்றம் வந்து பார்க்கும். பிடித்திருந்தால் அனுமதி தரும். அதன் பிறகு மூங்கிலைப் பிடுங்கிவிட்டுச் செங்கல்லை அடுக்கலாம். நியாயமாகச் சொன்னால் நல்ல ஏற்பாடுதான். அதைக் கையில் எடுத்துக்கொண்டவர்களைப் பற்றித்தான் இந்தக் கதை.

கடைத்தெரு மூலையில் ஆப்பம் சுட்டு விற்ற சிட்டம்மாளின் வீட்டுச் சுவர் போன மழையில் விழுந்துவிட்டது. அவளும் அவள் புருஷன் வெள்ளையப்பனும் கொழுந்தன் வீட்டு மாட்டுக்கொட்டகையில் ஒதுங்கியிருந்தார்கள். அது கூடப் பரவாயில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம், மன்றத்தின் ஆணை எட்டாத அடுத்த நாட்டில் கட்டிக்கொடுத்திருந்த மகள் செல்லக்கிளி முழுகாமல் இருந்தாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது எழில்நாட்டிலும் வழக்கம். மாட்டுக்கொட்டகையைத் தாய்வீடு என்று சொல்லச் சிட்டம்மாளுக்கு வாய் வரவில்லை. இருந்த நகையை விற்றுச் செங்கல்லும் சுண்ணாம்பும் வாங்கி மனையில் இறக்கினாள். மூங்கில் நட்டார்கள். ஓர் அறை, ஓர் அடுப்படி, சாய்ந்த கூரை. துணியில் கதவைக் கரியால் வரைந்து, சன்னலையும் வரைந்து, மன்றத்துக்குச் சொல்லி அனுப்பினார்கள். மழைக்கு இன்னும் நாள் இருந்தது.

மன்றம் வந்தது. தலைவர் சிங்காரவித்தகர் கூண்டு வண்டியிலிருந்து இறங்கினார். அவருக்குப் பின்னால் நிழலறிஞர் என்று ஒருவர். கட்டடங்களின் நிழல் ஒழுங்காக விழுகிறதா என்று பார்ப்பது அவர் பதவி. தலைவர் சொல்வதன் கடைசிச் சொல்லைத் திருப்பிச் சொல்வது அவர் உண்மையான வேலை.

"இந்தக் கதவு தெருவைப் பார்த்திருக்கிறதே?" என்றார் தலைவர்.

"வாசக்கதவுங்க ஐயா. தெருவப் பாக்காம வேற எதப் பாக்கும்?" என்றாள் சிட்டம்மாள்.

"அங்கேதான் இடறுகிறது அம்மா. கதவு திறக்கும்போதெல்லாம் உங்கள் பாத்திரம் பண்டம் தெருவுக்குத் தெரியும். தெருவின் ஒட்டுமொத்த அமைதி குலையும்."

"குலையும்" என்றார் நிழலறிஞர்.

மறுநாள் ஆணை வந்தது. எழில்நாட்டில் எந்த வீட்டுக் கதவும் தெருவைப் பார்க்கக் கூடாது, பின்பக்கமே பார்க்க வேண்டும். சிட்டம்மாள் மனையின் பின்பக்கம் அடுத்த வீட்டுச் சுவர் ஒட்டி நின்றது. அந்தச் சந்தில் நேராக நடந்தால் தோள் உரசும். வெள்ளையப்பன் கொஞ்சம் பருத்த உடம்புக்காரன். பக்கவாட்டில் நண்டு மாதிரி நடந்து பழகிக்கொண்டான்.

இரண்டாம் முறை வந்தபோது தலைவர் கூரையைப் பார்த்து முகம் சுளித்தார். "சாய்ந்த கூரை ஒரு சோர்வைத் தெரிவிக்கிறது. தலைநிமிர்ந்து நிற்கும் ஒரு நாட்டில் கூரை மட்டும் ஏன் சாய வேண்டும்?"

"மழத்தண்ணி ஓடணுங்களே ஐயா" என்றான் வெள்ளையப்பன்.

"மழை பருவத்துக்கு வரும், போகும். அழகு நிலையானது."

"நிலையானது" என்றார் நிழலறிஞர்.

புதுக் கூரைகள் மட்டுமல்ல, ஏற்கெனவே சாய்ந்து கிடக்கும் கூரைகளும் நிமிர்த்தித் தட்டையாக்கப்பட வேண்டும் என்று ஆணை. ஊரெல்லாம் ஓட்டைப் பிரித்து இறக்கினார்கள். இறக்கியதை எங்கே வைப்பது என்று ஆணையில் இல்லாததால் தெருவில் குவித்தார்கள். தெருவில் ஓடு குவிந்து கிடப்பது அழகாக இல்லை என்று அடுத்த ஆணை வந்து, ஓடும் செங்கல்லும் பார்வையில் படும்படி எவர் மனையிலும் இருக்கக் கூடாது என்றது. மன்றத்தின் வண்டிகள் வந்து அள்ளிக்கொண்டு போயின. சிட்டம்மாளின் செங்கல்லும் போயிற்று. பத்திரமாக இருக்கும் என்று சொன்னார்கள். பத்திரமாகத்தான் இருந்தது. மன்ற மண்டபத்தைச் சுற்றி ஓர் அழகான மதில் எழும்பியது.

குடிமக்களின் கருத்தையும் மன்றம் கேட்காமல் இல்லை. அதற்கென்று ஒரு கூட்டம் போட்டார்கள். ஆணைகளைப் பற்றி எதுவும் பேசக் கூடாது, ஆணை எழுதிய பலகைக்கு என்ன வண்ணம் அடிக்கலாம் என்பதைப் பற்றித் தாராளமாகப் பேசலாம் என்றார்கள். சிட்டம்மாள் எழுந்து நின்றாள்.

"கலரு கெடக்கட்டும் ஐயா. எம்பொண்ணு வரப்போறா. வயித்துப் புள்ளையோட வர்றவள எங்க படுக்க வைப்பேன்? அதச் சொல்லுங்க மொதல்ல."

"குறித்துக்கொள்ளப்பட்டது" என்றார் தலைவர்.

உண்மையாகவே குறித்துக்கொண்டார்கள். கூட்ட நடவடிக்கைகளில், "பெண்மணி ஒருவர் தம் மகளின் வருகை பற்றிய மகிழ்ச்சியை மன்றத்துடன் பகிர்ந்துகொண்டார்" என்று இருந்தது. இதை எழுதிய கைக்கு நான் என்ன செய்ய முடியும்? சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே பூசாரிதான் சாமியும்.

இப்படியே போயிருந்தால் சிட்டம்மாள் ஆயுசுக்கும் மூங்கிலை நட்டுப் பிடுங்கிக்கொண்டிருப்பாள். நல்ல வேளையாகத் தேர்தல் வந்தது. மன்றத் தலைவர் பதவிக்குச் சிங்காரவித்தகரே மறுபடி நின்றார். "அனுமதி தருவதில் நடக்கும் தாமதத்தைக் கண்டு என் நெஞ்சு கொதிக்கிறது" என்று மேடையில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். யார் தாமதித்தது என்று கூட்டத்தில் ஒருவரும் கேட்கவில்லை. வாசல் தேடி வரும் அனுமதி என்று ஒரு திட்டத்தை அங்கேயே அறிவித்தார். வாசல்கள் எல்லாம் பின்பக்கம் போய்விட்டதால் சந்து தேடித்தான் வர வேண்டியிருந்தது.

மேளத்தோடு வந்தார். ஒத்திகை வீட்டை ஏறெடுத்தும் பார்க்காமல் துணியில் முத்திரையைக் குத்தினார். சிட்டம்மாள் அழுதே விட்டாள். காலில் விழுந்து எழுந்து, "எப்ப ஐயா செங்கல்லத் திருப்பித் தருவீங்க? மழைக்கு முன்ன சுவர எழுப்பிரணும்" என்றாள்.

"செங்கல்லா?" தலைவர் அவளைப் பரிவோடு பார்த்தார். "அம்மா, மன்றம் வந்து பார்த்தது எதை?"

"இந்தத் துணி வீட்டத்தான்."

"அனுமதித்தது எதை?"

சிட்டம்மாள் துணியில் இருந்த முத்திரையைத் திரும்பிப் பார்த்தாள்.

"பார்த்ததைத்தானே அனுமதிக்க முடியும்? பார்க்காத செங்கல்லுக்கு மன்றம் எப்படி முத்திரை குத்தும்? அனுமதி பெற்ற வீட்டில் ஓர் இழையை மாற்றினாலும் குற்றம்."

"குற்றம்" என்றார் நிழலறிஞர்.

"துணிக்குள்ள எப்புடிய்யா குடியிருக்கிறது?" என்று வெள்ளையப்பன் கேட்டது மேளத்தில் அமுங்கிப்போயிற்று. அந்த வாரத்திலேயே ஊர் முழுக்க முத்திரை குத்தி முடித்தார்கள். எழில்நாட்டில் இனி வீடில்லாதவர் எவருமில்லை என்று முரசறைந்தார்கள். வீடுள்ளவர் பிறர் கொட்டகையில் தங்குவது நாட்டின் பெருமைக்கு இழுக்கு என்று, சிட்டம்மாளின் சட்டி பானையைக் காவலர்களே தூக்கிவந்து துணி வீட்டில் வைத்தார்கள். வெறும் ஏழையாக இருந்தவளை வீட்டுக்காரி ஆக்கி வெயிலில் நிறுத்திய சாமர்த்தியத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

செல்லக்கிளி வந்த அன்றே மழையும் வந்தது. நிமிர்ந்த துணிக் கூரையில் தண்ணீர் தேங்கி, நடுவில் தொந்தி போட்டுத் தொங்கியது. வெள்ளையப்பன் கம்பால் முட்டி முட்டித் தண்ணீரைத் தள்ளிக்கொண்டே இருந்தான். ஒரு நடுப்பகலில் செல்லக்கிளிக்கு வலி கண்டது. சிட்டம்மாள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு சுற்றிப் பார்த்தாள். ஊரிலேயே ஒழுகாத கூரை ஒன்றுதான் இருந்தது. அது மன்ற மண்டபம். சாய்ந்த ஓட்டுக் கூரை, தெருவைப் பார்த்த பெரிய கதவு. யாருக்கும் ஒத்திகை காட்டாமல் கட்டியது.

உள்ளே மழைக்காலத் துணிகளின் வண்ணம் பற்றிக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. சிட்டம்மாளும் மருத்துவச்சியும் செல்லக்கிளியைத் தாங்கிக்கொண்டு நுழைந்து, நீள மேசையில் கிடந்த துணி மாதிரிகளைத் தள்ளிவிட்டு அவளைப் படுக்க வைத்தார்கள்.

"என்ன அக்கிரமம்! இந்த மண்டபத்தில் கூட்டம் நடத்த மட்டுமே அனுமதி!" என்றார் தலைவர்.

"நாங்களும் கூட்டமாத்தான் வந்திருக்கோம். வழிய விட்டு நில்லுங்க" என்றாள் மருத்துவச்சி.

பெண் குழந்தை பிறந்தது. அழுகுரல் கேட்டதும் தலைவர் தெளிவடைந்தார். எழுத்தரைக் கூப்பிட்டு, "தாய்வீட்டில் சுகப்பிரசவம் என்று பதிவு செய்யும். வீடுள்ளவள் மகள் வேறெங்கே பெறுவாள்?" என்றார். மழை விட்டபின் போகட்டும் என்று மருத்துவச்சி மன்றாடினாள். பதிவில் வீட்டில் இருப்பவர்கள் மண்டபத்தில் இருப்பது முரண் என்று சொல்லி, பொழுது சாய்வதற்குள் தாயையும் பிள்ளையையும் மழையிலேயே அனுப்பிவிட்டார்கள். மறுநாள் சித்திரக்காரரோடு வந்து, ஈரத் துணியை அவிழ்த்துவிட்டுப் புதுத் துணி கட்டி, அதன் கீழே பச்சைப்பிள்ளையைத் தலைவரின் கையில் கொடுத்துப் படம் எழுதிக்கொண்டார்கள். எழுதி முடிந்ததும் புதுத் துணியை அடுத்த தெருவுக்குக் கொண்டுபோனார்கள்.

குழந்தைக்குச் சளி கட்டி மூச்சு இழுத்தது. செய்தி கேட்டுச் சம்பந்தியம்மாள் வண்டியோடு வந்தாள். உள்ளே வர மறுத்து, சந்தில் நின்றே பேசினாள்.

"இதுதான் தாய்வீடாக்கும்? எங்க வீட்டுக் கோழிக்குக் கூட மேல ஒரு ஓடு இருக்கு. எம்பேத்திய ஏத்துங்க வண்டியில."

செல்லக்கிளி அம்மாவின் முகத்தைப் பார்க்காமலே ஏறிக்கொண்டாள். பேறுகால மருந்து அடுப்பில் பாதி வெந்தபடி இருந்தது. சிட்டம்மாள் அதைக் கிளறிக்கொண்டே இருந்தாள், வண்டிச் சத்தம் ஓய்ந்த பிறகும்.  

தேர்தலன்று வாக்குச் சாவடியிலிருந்து அவள் வெளியே வந்தபோது நான் பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"யாருக்கம்மா போட்டீங்க?"

"சிங்காரவித்தகருக்குத்தான்."

"அவருக்கா? செங்கல்லைப் பிடுங்கினவருக்கா? பிள்ளை பெற்றவளை மழையில் விட்டவருக்கா?"

"தெரியுது சாமி, மறந்தா போச்சு?" என்றாள் சிட்டம்மாள். "எதுத்து நிக்கிறவரு, இது வரைக்கும் குத்துன முத்திரைய எல்லாம் ரத்து பண்ணிட்டு மொதல்லேருந்து பாக்கப்போறாராம். இப்பத் துணியாச்சும் எம்பேருல இருக்கு. திரும்பவும் மூங்கில் நட எனக்குத் தெம்பு இல்ல."

சிங்காரவித்தகர் இதுவரை எவரும் காணாத வாக்கு வித்தியாசத்தில் வென்றார். வரிசையில் நின்ற மற்றவர்களை நான் கேட்கவில்லை. உங்களையும் கேட்கப்போவதில்லை.