மூடி திறந்த இடமெல்லாம் இருசப்பன்

நம்மிடையே ஒரு வகை மனிதர் உண்டு. தெருவில் யாராவது வண்டியை நிறுத்தி எஞ்சின் மூடியைத் தூக்கினால் போதும், அந்தக் கிறீச் சத்தம் அடங்குவதற்குள் பக்கத்தில் வந்து, கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, கழுத்தை மட்டும் உள்ளே நீட்டி, “இன்னா ப்ராப்ளம்?” என்பார். பதிலுக்குக் காத்திருக்க மாட்டார். பதில் அவரிடமே இருக்கிறது. பிறகு எதற்குக் கேட்டார் என்கிறீர்களா? ஒரு மரியாதைக்கு.

திருவண்ணாமலையில் வேங்கிக்கால் பக்கம் இந்த இனத்துக்கு ஒரு தலைவர் வைக்க வேண்டுமென்றால் போட்டியே இல்லாமல் இருசப்பன் வருவார். முப்பத்து நாலு வருஷம் அரசு அலுவலகத்தில் கோப்பு பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவர். கார் வைத்திருந்ததில்லை. ஒரு மொபெட் உண்டு. அதில் கோளாறு வந்தால் அவர் மனைவி ரேணுகாம்பாள், அவர் குளிக்கப் போகும் நேரம் பார்த்து, மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போய்விடுவாள். ஆனாலும் அந்தக் குடியிருப்பில் நோய்வாய்ப்பட்ட வண்டி எதுவும் அவர் கண்ணில் படாமல் சாகவும் முடியாது, பிழைக்கவும் முடியாது. “கரண்ட் வருதா? பெட்ரோல் வருதா? அப்ப கிளப்பு!” இவ்வளவுதான் வைத்தியம். வண்டி கிளம்பிவிட்டால், “நான் சொன்னேன்ல?” கிளம்பாவிட்டால், “நான் சொன்னத எங்க கேட்டீங்க?”

அவருடைய நல்ல காலம், எதிர்வீட்டுக்கு மதிவதனி குடிவந்தாள். கீழ்பென்னாத்தூரில் ஒரு பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. வரும்போது ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு வெளிநாட்டுக் காரையும் கொண்டுவந்தாள். வண்டுபோல உருண்டையாக, இளநீல நிறத்தில், எஞ்சின் பின்பக்கம் வைத்த கார். முதல் நாளே இருசப்பன் முன்பக்க மூடியைத் திறந்து பார்த்தார். உள்ளே ஒரு மாற்று டயர் படுத்திருந்தது.

“எஞ்சின் பின்னாடி சார்” என்றாள் மதிவதனி.

“தெரியும்மா. ஸ்டெப்னி இருக்குதானு பாத்தேன்.”

இப்படிச் சமாளிக்க வருமா உங்களுக்கு?

அந்தக் காருக்குப் பதிவைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. போக்குவரத்து அலுவலக மைதானத்துக்குக் கொண்டுபோய் ஆய்வாளரிடம் காட்டி, புகைச் சோதனையில் தேற வேண்டும். ஏற்கெனவே ஒரு தடவை கரும்புகை கக்கித் தோற்றுவிட்டது. இந்த முறையும் தோற்றால் காரைத் தெருவில் ஓட்ட முடியாது. பழைய இரும்புக்காரனுக்குப் போடு என்று வீட்டில் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். மதிவதனி ராத்திரி பகலாகக் கையேட்டைப் படித்து, ஒவ்வொரு பாகமாகக் கழற்றிச் சரிசெய்து, ஒரு வாரத்துக்கு முன் வண்டியைச் சுத்தமாக ஓடவைத்துவிட்டாள். புதன்கிழமை பதினோரு மணிக்குச் சோதனை. துணைக்கு இருசப்பன் தானாகவே முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார். வேண்டாம் என்று சொல்ல ஆசிரியைகளுக்கு இன்னும் கற்றுக்கொடுக்கவில்லை.

மைதானத்துக்கு அரைக் கிலோமீட்டர் இருக்கும்போது கார் இருமியது. பின்னால் கரும்புகை. பெட்ரோல் வாடை. இரண்டு தரம் குலுங்கி, ஓர் இளநீர்க் கடை முன்னால் நின்றுவிட்டது.

மணி பத்தேகால்.

மதிவதனி இறங்கிப் பின்மூடியைத் தூக்கினாள். உடனே கூடிவிட்டார்கள். இளநீர்க்காரர் அரிவாளோடு வந்து, “பெட்ரோல்ல தண்ணி கலந்திருக்கும்” என்றார். ஓர் ஆட்டோக்காரர், “பிளக்கு போச்சுங்க” என்றார். கிரிவலம் வந்த ஒருவர் செருப்பில்லாத காலோடு நின்று, “எங்க மச்சான் வண்டிக்கும் இதே மாதிரிதான், கடைசியில வித்துட்டாரு” என்று தைரியம் சொன்னார். இருசப்பன் தொண்டையைக் கனைத்தார்.

“சிம்பிள் மேட்டர்மா. காயிலு.”

அவள் காதில் வாங்கவில்லை. கார்பரேட்டர் மேலிருந்த காற்று வடிகட்டியைக் கழற்றினாள். கார்பரேட்டரின் வாயில் நாணயம் அளவுக்கு ஒரு பித்தளைத் தகடு. அதுதான் சோக்கு. குளிர்ந்த எஞ்சின் கிளம்பும்போது அது வாயை மூடிக் காற்றைக் கம்மியாக்கும். எஞ்சின் ஓட ஓட, ஒயர் வழியாக வரும் கரண்டில் பக்கத்துச் சுருள் சூடேறித் தானாக விரிந்து அதைத் திறந்துவிட வேண்டும். இது திறக்கவில்லை. காற்றில்லாமல் பெட்ரோலையே குடித்து எஞ்சினுக்கு மூச்சு முட்டிவிட்டது. விரலால் தள்ளிப் பார்த்தாள். வெல்லப்பாகில் மாட்டிய ஈபோலத் தகடு அசைந்தது. அதன் அச்சில் கறுப்பாக ஒரு பிசுக்கு.

“போன வாரம் இத நான் தொடச்சு வச்சேனே! இதுல யாரோ எண்ணெ விட்டிருக்காங்க. எண்ணெயில புழுதி ஒட்டி இறுகிப்போச்சு.”

“எவன்மா அவன், அறிவுகெட்டவன்?” என்றார் ஆட்டோக்காரர்.

இருசப்பனுக்குக் காது சுட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை மதிவதனி கடைக்குப் போயிருந்தபோது, வாசலில் மூடி திறந்து கிடந்த காரைப் பார்த்துவிட்டு, ஏதாவது செய்யாமல் போக மனம் வராமல், வீட்டிலிருந்த தேங்காய் எண்ணெயைக் கொண்டுவந்து, அசைகிற இடமாகப் பார்த்து நாலு சொட்டு விட்டவர் அவர்தான். அப்போது எவ்வளவு நிம்மதியாக இருந்தது! இப்போது அவள் கண் கலங்கியிருப்பதைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். நழுவிவிடலாம், ஆட்டோ பக்கத்திலேயே நிற்கிறது.

“நாந்தான்மா விட்டேன்” என்றார். முப்பத்து நாலு வருஷ சர்வீஸில் அவர் இப்படி ஒரு வாக்கியம் எழுதியதும் இல்லை, கையெழுத்துப் போட்டதும் இல்லை.

மதிவதனி பெட்ரோலில் நனைத்த துணியையும் ஒரு பழைய பல்துலக்கியையும் எடுத்தாள்.

“தேங்கா எண்ணெ வாசனையிலயே நீங்கதான்னு தெரிஞ்சுது சார். சரி, ஒரு ஒதவி செய்யுங்க. இத நான் தொடச்சுட்டு வண்டியக் கிளப்பி ஸ்டியரிங்ல உக்காருவேன். சுருள் ஆறிப்போனதால தகடு பாதி மூடியிருக்கும். நாலஞ்சு நிமிஷத்துல தானா தெறக்கணும். தெறக்குதானு நீங்க பாத்துச் சொல்லுங்க. யாரும் தொடக் கூடாது. தொட்டா, தானா தெறந்துச்சா தள்ளித் தெறந்துச்சானு தெரியாமப் போயிடும்.”

“நானா?”

“நீங்கதான். பேசாம பாருங்க.”

எஞ்சின் புகையோடு உறுமியது. இருசப்பன் குனிந்தார். தகடு அசையவில்லை. ஒரு நிமிஷம். ஆட்டோக்காரர் கையை நீட்டி, “லேசா தட்டினா…” என்றார். இருசப்பன் அந்தக் கையைத் தட்டிவிட்டார். இரண்டு நிமிஷம். இளநீர்க்காரர் அரிவாள் நுனியால் எதையோ சுட்டினார். இருசப்பன் முறைத்தார். அவருடைய விரலே அரித்தது. ஒரே ஒரு தள்ளு, யாருக்குத் தெரியும்? கைகளைப் பின்னால் கட்டி, ஒன்றை ஒன்று இறுகப் பிடித்துக்கொண்டார். வாழ்நாளில் முதல் தடவையாக ஓர் எஞ்சினை வாய் திறக்காமல் பார்த்தார்.

மூன்றாம் நிமிஷம் தகட்டின் ஓரத்தில் நூலளவு வெளிச்சம் தெரிந்தது. அப்புறம் நெல் அளவு. அப்புறம், யாரும் தொடாமல், யாரும் சொல்லாமல், அது மெல்ல எழுந்து செங்குத்தாக நின்றது. உறுமல் தணிந்து எஞ்சின் சீராக ஓடியது. புகை வெளுத்து, இல்லாமலே போனது.

“தெறந்துடுச்சும்மா! தானாவே தெறந்துடுச்சு!” என்று கத்தினார். செருப்பில்லாதவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

பதினோரு மணிச் சோதனையில் கார் தேறியது. மதிவதனி அவருக்கு இளநீர் வாங்கிக் கொடுத்தாள். திரும்பி வரும் வழியில், ஒரு நெல் லாரி நடுரோட்டில் மூடியைத் தூக்கிக்கொண்டு நின்றது. “ஒரு நிமிஷம் நிறுத்தும்மா” என்று இறங்கியவர், டிரைவரின் தோளில் கை வைத்து, “சோக்குதான்பா. கைய வெக்காத, அஞ்சு நிமிஷம் சும்மா பாரு” என்றார். டீசல் லாரிக்குச் சோக்கே கிடையாது. டிரைவர் பாவம், அஞ்சு நிமிஷம் பார்த்தார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். இளநீர்க் கடை முன்னால் கார் நின்றதே, அந்த இடத்தைப் படிக்கும்போது, “முதல்ல அந்தச் சுருளுக்குப் போற ஒயரப் பாக்கச் சொல்லுங்க” என்றோ, “பெட்ரோல் பம்பா இருக்கும்” என்றோ, உங்கள் மனசுக்குள் ஒரு குரல் கேட்டதா இல்லையா? உங்களை யார் கேட்டார்கள்?